கடின மர டெக்குக்கு எந்தப் பூச்சு? மூன்றாம் வருடத்தை நினைத்து முடிவெடுங்கள்

திறந்த வெளியில் போட்ட மரத்தளத்துக்கு, அதாவது டெக்குக்கு, பூச்சு வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது டப்பாவின் மேல் ஒட்டிய படம்தான். பூசி முடித்த அன்று எல்லாப் பூச்சும் அழகாகவே இருக்கும். வித்தியாசம் தெரிவது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் போன பிறகு. அப்போது ஒரு டெக்கைக் கழுவி, மெல்லிசாக இன்னொரு கோட் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். இன்னொரு டெக்கில் மண்டியிட்டு உட்கார்ந்து, உரிந்து தொங்கும் படலத்தை ஓரம் விடாமல் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பூச்சைப் பற்றியும் இங்கே நான் முதலில் பார்ப்பது, அதைத் திரும்பப் பூசுவது எவ்வளவு சிரமம் என்பதைத்தான்.

ஈப்பே, குமாரு, தேக்கு, மெர்பாவ், பலாவ் போன்ற மரங்கள் வெளியில் கிடந்தும் சீக்கிரம் மட்காமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் வைரப் பகுதியில் இயல்பாகவே இருக்கும் வேதிப்பொருட்கள். மட்கவைக்கும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அவை ஆகாது. மரங்களின் இயற்கை உறுதியை 1 முதல் 5 வரை பிரிக்கும் ஐரோப்பியத் தரநிலையில் ஈப்பே முதல் வகுப்பு. காட்டில் வளர்ந்து முற்றிய தேக்கும் அப்படியே. தோட்டத்தில் வளர்த்த தேக்கு அதைவிடக் கீழே இறங்கவும் வாய்ப்புண்டு. எனவே நல்ல வைரம் பாய்ந்த மரத்தில் டெக் போட்டிருந்தால், பூச்சு இல்லாவிட்டால் உளுத்துப்போகும் என்ற பயம் வேண்டாம். பைன் போன்ற மென்மரத்துக்குச் சொல்லும் எச்சரிக்கைகளை அப்படியே இதற்கும் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் பூச்சு எதற்கு? நிறத்தைக் காப்பது ஒன்று. தண்ணீர் மரத்துக்குள் போவதையும் வெளியே வருவதையும் மெதுவாக்கி, வெடிப்பையும் பலகை குழிவதையும் குறைப்பது இன்னொன்று.

நிறம் ஏன் போகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு சிதைகிறது. சிதைந்த பகுதியை மழை கழுவிக்கொண்டு போகிறது. மேலே மிச்சமாவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதில் பூஞ்சணம் குடியேறினால் சாம்பல் நிறமும் கருப்புத் திட்டும் வரும். இது மேல்தோலோடு நிற்கும் விஷயம். அடர்ந்த கடின மரம் வெயிலிலும் மழையிலும் தேய்வது 100 ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுதான். மென்மரங்களில் பொதுவாக அது 6 மில்லிமீட்டர். பலகைக்கு ஆபத்து இல்லை, அழகு மட்டும் மாறுகிறது.

புற ஊதாக் கதிரை நீண்ட நாள் தடுத்து நிறுத்துவது நிறமி. குறிப்பாக இரும்பு ஆக்ஸைடு நிறமிகள். மிக நுண்ணிய துகளாக அரைத்த இரும்பு ஆக்ஸைடு, மரத்தின் ரேகையை மறைக்காமலே கதிரைப் பிடித்துக்கொள்ளும். தேன் நிறம், செம்பழுப்பு, வால்நட் நிறம் என்று ஸ்டெயினில், அதாவது மரத்துக்கு நிறமேற்றும் பூச்சில், வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். நிறமி இல்லாத பூச்சு எந்த விலைக்கு விற்றாலும், அதில் எந்த வார்த்தை எழுதியிருந்தாலும், நிறத்தை வருடக்கணக்கில் காக்காது.

நிறமில்லாத சீலர்

பலர் விரும்பிக் கேட்பது இதைத்தான். மரம் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும், மேலே ஒரு பாதுகாப்பு மட்டும் வேண்டும் என்பார்கள். ஆசை நியாயமானது, ஆனால் வெளியில் கிடக்கும் மரத்தில் அது நடப்பதில்லை. மெழுகோ சிலிகோன் வகையோ கலந்த சீலர், மழைத்துளியை முத்து முத்தாக உருட்டிவிடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் வெயில் அதன் வழியாகவே உள்ளே இறங்கிவிடும். சில மாதங்களில் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். புற ஊதாத் தடுப்பு வேதிப்பொருள் சேர்த்தவை கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் அந்தத் தடுப்புப் பொருளும் வெயிலில் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகிறது. கிடைமட்டமான தளத்தில் ஒரு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மெழுகுச் சீலரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பின்னால் மனம் மாறி ஸ்டெயின் பூச நினைத்தால், மரத்தில் மிச்சமிருக்கும் மெழுகு அதை உள்ளே விடாது. முதலில் மெழுகை எடுத்தாக வேண்டும்.

இது பொருந்துகிற ஒரே இடமாக நான் நினைப்பது: மரம் சாம்பல் நிறமானால் சம்மதம், வெடிப்பு மட்டும் குறைந்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு.

மேலே படலம் போடும் பூச்சுகள்

வார்னிஷ், பாலியூரித்தேன், மரத்தின் ரேகையே தெரியாமல் மூடும் ஸ்டெயின், பெயின்ட் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். இவை மரத்தின் மேல் ஒரு தோலாக நிற்பவை. கதவுக்கும் மேசைக்கும் சரி. டெக்குக்கு வேண்டாம் என்றே சொல்வேன், அதுவும் கடின மர டெக்குக்கு இன்னும் உறுதியாக.

காரணம் மரத்தின் அசைவு. ஈரம் ஏறினால் பலகை விரியும், காய்ந்தால் சுருங்கும். பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்வரை ஈப்பே, வளையங்களின் போக்கில் கிட்டத்தட்ட 8 சதவீதம் சுருங்கும். தேக்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. டெக்கில் இந்த முழு அசைவும் நடப்பதில்லை, ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் நடக்கிறது. மேலே இருக்கும் படலத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பலகை விளிம்பிலும் திருகாணியைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியாகத் தண்ணீர் அடியில் போகும், போன தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் படலத்தைத் தூக்கும். அப்புறம் உரிய ஆரம்பிக்கும். அடர்ந்த மரத்தில் துளைகள் சிறியவை என்பதால் படலத்துக்குப் பிடிமானமும் குறைவு. போதாததற்கு, நனைந்தால் வழுக்கும்.

உரிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட முடியாது. போட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும். முழுத் தளத்தையும் தேய்த்து மரம் தெரியும்வரை எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். கூரைக்கு அடியில், வெயிலும் மழையும் நேராகப் படாத திண்ணை போன்ற தளமானால் இந்த வகையை யோசிக்கலாம். திறந்த வெளிக்கு மனமொப்பிச் சொல்ல முடியவில்லை.

உள்ளே இறங்கும் எண்ணெய் ஸ்டெயின்

கடின மர டெக் என்றால் என் முதல் தேர்வு இதுதான். ரேகை தெரியும் அளவுக்கு நிறமி கலந்த, படலம் போடாத எண்ணெய். மரம் குடிக்கிற அளவு உள்ளே போகும், மீதியைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மேலே தோல் இல்லை என்பதால் உரிய எதுவும் இல்லை. காலப்போக்கில் வெளுக்கும், நடைபாதையில் சீக்கிரம் மெலியும், அவ்வளவுதான். புதுப்பிக்கும்போது நன்றாகக் கழுவி, காயவிட்டு, ஒரு மெல்லிய கோட். நல்ல வெயில் படும் கடின மரத்தில் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இது தேவைப்படும். செங்குத்தான சுவரில் இதே பூச்சு பல வருடம் நிற்கும். தளத்தில் வெயில் தலைக்கு நேராக விழுகிறது, தண்ணீர் தேங்குகிறது, காலடியும் படுகிறது. டப்பாவில் எழுதியிருக்கும் ஆயுள் தளத்துக்குச் சொன்னதா, சுவருக்குச் சொன்னதா என்று பார்த்து வாங்குங்கள்.

எண்ணெயிலும் இரண்டு குணம் உண்டு. லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), டங் ஆயில் (டங் மரத்தின் விதை எண்ணெய்) போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். சில ஸ்டெயின்களில் இறுகாத எண்ணெயும் சேர்ந்திருக்கும். அது உள்ளே ஈரப்பசையாகவே இருந்து மரம் வறளாமல் பார்த்துக்கொள்ளும், இறுகும் எண்ணெய் மேலே நிறமியைப் பிடித்துவைக்கும். அடர்ந்த மரத்துக்கு இந்தக் கலவை நன்றாக வேலை செய்கிறது. நிறமி எதுவும் இல்லாத வெறும் லின்சீட் ஆயிலைப் பூசுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. ஈரம் தங்கும் நிழலான இடத்தில் சில மாதங்களில் டெக் கருத்துப்போகும். பூஞ்சணத் தடுப்பு மருந்து சேர்த்ததா என்று டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்க வேண்டிய வகை இது.

தேக்கு எண்ணெய் என்ற பெயரில் விற்பது தேக்கு மரத்திலிருந்து எடுத்தது அல்ல. பெரும்பாலும் லின்சீட் அல்லது டங் ஆயிலோடு கரைப்பானும் கொஞ்சம் வார்னிஷும் சேர்ந்த கலவை. வீட்டுக்குள் இருக்கும் மேசை நாற்காலிக்கென்று செய்ததை டெக்கில் பூசினால் ஒரு பருவம்கூடத் தாங்காமல் போகலாம்.

தண்ணீரில் கரையும் ஸ்டெயின்

இவற்றைப் பழைய பழக்கத்தில் ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இப்போது வருபவை முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. வாடை குறைவு, சீக்கிரம் காயும், பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவிவிடலாம், நிறத்தை எண்ணெய் வகையைவிடக் கூடுதல் காலம் பிடித்து வைக்கும், பூஞ்சணத்துக்குத் தீனியும் குறைவு. மென்மரத்தில் நான் தயங்காமல் சொல்வேன்.

கடின மரத்தில்தான் தயக்கம். இதில் உள்ள அக்ரிலிக் பிசின் துகள்களால் அடர்ந்த மரத்துக்குள் ஆழமாகப் போக முடிவதில்லை. பாதி உள்ளேயும் பாதி மேலேயுமாக ஒரு மெல்லிய படலம் விழுகிறது. ஒரு கோட்டில் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு முறையும் மேலே மேலே பூசிக்கொண்டே போனால் அது தடித்து, மேலே சொன்ன படலப் பூச்சின் எல்லாக் குறைகளும் வந்து சேரும். தண்ணீர் பட்டவுடன் மரநார் எழும்பிச் சொரசொரப்பாவதும் உண்டு. இதை எடுக்க முடிவு செய்தால் கடின மரத்துக்கென்றே தயாரித்த வகையாக வாங்கி, ஒரே மெல்லிய கோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதுவும் பூசாமல் விடுவது

இதையும் ஒரு உண்மையான தேர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஈப்பே, குமாரு, தேக்கு மூன்றும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும்போது அதற்கென்று ஒரு அமைதியான அழகு வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் கழுவினால் போதும்.

ஆனால் அந்த வெள்ளி நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. பூந்தொட்டிக்கு அடியில் கருவட்டம், நிழல் விழும் மூலையில் பச்சையும் கருப்பும், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு கோடு என்று ஆரம்பத்தில் கலவையாகத்தான் இருக்கும். மேற்பரப்பில் சன்ன வெடிப்பும் அதிகமாகும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் தளமென்றால், சிராய் ஏறாமல் இருக்க அவ்வப்போது பார்த்துத் தேய்த்துவிட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் இதைவிடச் செலவும் வேலையும் குறைந்த வழி இல்லை. பின்னாளில் மனம் மாறினால் சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு எண்ணெய் பூசவும் முடியும்.

இந்த வழியில் போனாலும் பலகையின் வெட்டுமுனைகளுக்கு மட்டும் மெழுகுக் குழம்பாக வரும் முனைச் சீலரைக் கட்டாயம் பூச வேண்டும். நாரின் போக்கில் திறந்திருக்கும் அந்த முனை, பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை வாங்கும், விடும். வெடிப்பு முதலில் தொடங்குவது அங்கேதான். பலகையை அறுத்த அன்றே பூசிவிடுவது நல்லது.

மரத்தைப் பொறுத்து என்ன மாறும்

ஈப்பேயும் குமாருவும் ஒரு கன மீட்டர் 1000 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை, தண்ணீரில் மூழ்கும். இவை எண்ணெயை மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். இரண்டு கோட் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து அடித்தால், இரண்டாவது கோட் மேலேயே நின்று பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். இவற்றுக்கு ஒரே கோட்.

தேக்கின் சிக்கல் வேறு. அதன் இயற்கைப் பசையும் எண்ணெயும் மேலே பூசும் எண்ணெயை இறுக விடாமல் தாமதப்படுத்தும். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிட்டால் வித்தியாசம் தெரியும். மெர்பாவ் மழைபட்டால் செம்பழுப்புச் சாறு விடும். பக்கத்துச் சுவரிலும் சிமென்ட் தரையிலும் அந்தக் கறை ஏறும். சாறு ஓரளவு வடிந்த பிறகு பூசுவது உத்தமம். ஓக் மரத்திலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் அதைச் சுற்றி மை கொட்டியது போல் கருப்பாகும், எந்த ஸ்டெயினும் அதை மறைக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே போடுங்கள்.

எப்போது பூசுவது, எப்படிப் பூசுவது

புது டெக்கை ஒரு வருடம் வெயிலில் விட்டுவிட்டு அப்புறம் பூசு என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த ஒரு வருடத்தில் மேல்பரப்பு லிக்னின் சிதைந்து, வலுவிழந்த நார்தான் மிச்சமாகும். அதன்மேல் பூசுவது எதையும் சரியாகப் பிடிக்காது. அதே நேரம், ஆலையில் இழைத்து வழுவழுப்பாக வந்த பலகையில் எண்ணெய் இறங்காது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சில வாரம் விட்டு, 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோ கிளீனரால் கழுவியோ மேற்பரப்பைத் திறந்துவிட்டால் போதும். அதைவிட நைசான தாள் மறுபடியும் துளையை அடைத்துவிடும். ஈப்பே தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

தயாரா என்று பார்க்க, பலகையில் நாலைந்து இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் உள்ளே இறங்கினால் எண்ணெயும் இறங்கும். துளி அப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் வேலை பாக்கி.

ஏற்கெனவே சாம்பலான பலகைக்கு சோடியம் பெர்கார்பனேட் கிளீனரைத் தண்ணீரில் கலந்து தேய்த்துக் கழுவினால் அழுக்கும் பூஞ்சணமும் சிதைந்த நாரும் போகும். இது காரத்தன்மை உள்ளது, மரத்தைக் கொஞ்சம் கருக்கவும் செய்யும். அதனால் அடுத்து ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் ஒரு முறை கழுவ வேண்டும். காரம் சமமாகும், இரும்புக் கறையும் போகும், மரத்தின் பழைய நிறம் திரும்பி வரும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் நனைத்துவிட்டுச் செய்யுங்கள். குளோரின் பிளீச்சை அடர்த்தியாகக் கொட்டுவதும், பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்து அடிப்பதும் நாரைக் கிழித்துவிடும்.

கழுவிய மரம் நன்றாகக் காய இரண்டு மூன்று நாளாவது விட வேண்டும். வெயில் சுள்ளென்று விழும் நேரத்தில் பூசினால் எண்ணெய் உள்ளே இறங்குமுன் மேலே இறுகிவிடும். காலையோ மாலையோ நிழல் விழும் நேரம் நல்லது, பனி இறங்கும்வரை இழுக்கவும் கூடாது. ஒரு பலகையைத் தொடங்கினால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முடித்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். பூசி 15, 20 நிமிடத்தில் மேலே மிச்சமாக நிற்பதை எல்லாம் துணியால் துடைத்தெடுங்கள். கடின மரத்தில் பூச்சு கெட்டுப்போவதற்கு இந்தத் துடைப்பை விட்டுவிடுவதுதான் பெரிய காரணம். முடிந்தால், தளம் போடும் முன்பே பலகையின் நான்கு பக்கத்திலும் பூசிவிடுங்கள். மேல்பக்கம் மட்டும் அடைத்து அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சினால் பலகை குழியும். அடியில் காற்றோட்டம் இல்லாத டெக்கை எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாது.

முழு அளவு வாங்கும் முன், அதே மரத்தின் துண்டுப் பலகையில் இரண்டு மூன்று ஸ்டெயினைப் பூசி, தளம் வரப்போகும் இடத்திலேயே படுக்க வைத்து, பாதியை மூடிவிட்டுச் சில மாதம் விட்டுப் பாருங்கள். மூடிய பாதியும் திறந்த பாதியும் எவ்வளவு மாறுகின்றன என்பது கடையில் காட்டும் நிற அட்டையைவிட நம்பகமானது. எது பூசினீர்கள் என்று டப்பாவின் பெயரையும் நிற எண்ணையும் குறித்து வைத்தால் அடுத்த முறை வேறு வகையைத் தெரியாமல் மேலே அடித்துவிடும் தொல்லை இருக்காது.

எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளியாகிறது. சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் சேர்ந்து, நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பிடிக்கும். துணிகளை ஒவ்வொன்றாக வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வையுங்கள். வேலை முடிந்து கை கழுவப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.